கொருக்குப்பேட்டை கேட்

மாலகைட் பச்சை தண்ணீரில் ஒளிர்வது
அரை பிகோ நொடி. அவ்வளவுதான்.
அதைப் பிடிக்க நாங்கள் திறந்து மூடும்
லேசர் துடிப்புக்கும் பெயர் கேட்தான்.
கண்ணாடியை ஒரு மைக்ரான் தள்ளு, எண்ணு,
இன்னொரு மைக்ரான்.
துறைமுக லாரி போனால் மேசை அதிரும்;
அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி.

நாலு மணிக்கு ஜெசிந்தா
சாயத்தைக் கிளிசரினில் கரைத்தாள்.
முறுக்கிக்கொள்ள இடமில்லை அதற்கு.
ஒளி தங்கியது.

வீட்டுக்குப் போகையில் கேட் போட்டிருந்தான்.
சரக்கு ரயில், ஐம்பத்தெட்டு டேங்கர்,
நின்று நின்று நாற்பது நிமிஷம்.
முன்னே ஆட்டோ, பின்னே மீன்கூடை,
கால் ஊன்ற இடமில்லாத நெரிசலில்
யாரோ எதற்கோ சிரித்தார்கள்.
பல் விளக்காத அந்தச் சிரிப்பு
ஹெல்மெட் ஹெல்மெட்டாகப் பரவி
கேட் தூக்கிய பிறகும்
அணையவில்லை.