மூன்றரையாவது தொட்டி

விடியாத கிளாக்ஸ்விக். துறைமுகக் கொட்டகையில்
காட் மீன்கள் பட்டைமேல் வந்துகொண்டிருந்தன.
ஆறு கிலோ போயிற்று.
நான்கு கிலோ போயிற்று.
ஏழு கிலோ தராசில் ஏறியதும்
எல்லாம் நின்றது, திரை கறுத்து.

மர்யுன் கையுறையைக் கழற்றாமலே
மறுபடி இயக்கினாள்.
எட்டு போயிற்று. ஐந்தில் விழுந்தது.

"சென்சாரில் ஈரம்" என்றார் ஒருவர். துடைத்தார்கள்.
"கேபிள்" என்றார் இன்னொருவர். மாற்றினார்கள்.
பெட்டிகளில் ஐஸ் உருகிச் சொட்டியது.
ஒற்றைப்படை மீனைக் கண்டால் மட்டும்
என்ன பயம் இதற்கு?

பிழைச்செய்தியின் கடைசி வரிக்கு இறங்கினேன்.
தொட்டி எண் 3.5.
அப்படியொரு தொட்டி இல்லை.

ஞாயிறு இரவு யாரோ பைதானைப் புதுப்பித்திருக்கிறார்கள்.
யாரோ என்ன, நான்தான்.

பழைய பதிப்புக்கு ஏழில் பாதி மூன்று.
மிச்ச அரையை வாயில் அடக்கிக்கொண்டு
பதினோரு வருடம் மூச்சுக்காட்டவில்லை.
புதியது உள்ளதைச் சொன்னது,
சொன்ன இடத்திலேயே செத்தது.

நிரலை எழுதிய ட்ரோந்தூர் இப்போது கடலில்.
சாட்டிலைட் போனில் பாதிக் காற்று, பாதிக் குரல்:
"வகுக்கிற சாய்கோட்டுக்குப் பக்கத்தில்
இன்னொன்று போடு. அவ்வளவுதான்.
வலை இழுக்கிறோம், வைக்கிறேன்."

போட்டேன்.
ஏழு கிலோ, மூன்றாம் தொட்டியில் தொப்பென்று.

"என்ன செய்தாய்?" என்றாள் மர்யுன்.
"அரையை முழுங்கச் சொல்லிக்கொடுத்தேன், பழையபடி."

அவள் என்னைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்,
ஐஸ் அள்ளும் மண்வெட்டியை
என் கையில் கொடுத்தாள்.