ஒரு பட்டை

ஒன்பது, ஒன்பது, ரெண்டு.
சென்னியப்பன் சர்வீஸ்.
பெருந்துறை ரோட்டில்
தறிக்குடோன் ஒன்றைக் காலி செய்து போட்ட கோர்ட்.
தகரத்தில் இன்னும் ஒட்டியிருக்கிறது பஞ்சு,
யாராவது பந்தைத் தூக்கி அடித்தால்
கொஞ்சம் உதிரும்.

கைப்பிடிக்கு எட்டுப் பட்டை.
கைகுலுக்குகிற மாதிரி ஒரு பிடி,
சுத்தியலைப் பிடிக்கிற மாதிரி ஒன்று.
வலையோரம் வந்துவிட்டால்
எதுவோ ஒன்றோடு இரு, மாற்றாதே.
எனக்கும் தெரியும்.

டொக்.
என் பேக்ஹேண்டுக்கு ஒன்று.
டொக்.
மறுபடி அங்கேயே.
ஆடிட்டர் மனுசன்,
கணக்கில் ஓட்டை தட்டுப்பட்டால்
விரலை எடுக்கவே மாட்டார்.

ஆறாவது பந்தோ ஏழாவதோ,
இடது கை பேட்டின் கழுத்தைத் தாங்கிக்கொள்ள
வலது கை தூங்குகிற பிள்ளையின் கைபோலத் தளர்ந்து
ஒரு பட்டை நகர்ந்தது.

கருங்கல்பாளையம் சந்தையில்
துண்டுக்கடியில் விரல்பிடித்து விலை பேசுவார்கள்.
மேலே முகங்கள்
மழை வருமா என்று கேட்டுக்கொண்டிருக்கும்.
மாட்டுக்குத் தெரியாது.
அப்படித்தான் செய்தேன்,
அப்படித்தான் செய்வதாக நினைத்தேன்.
விலை படியுமுன்னே
துண்டை உருவிவிட்டார் சென்னியப்பன்.
பந்து என் வயிற்றுக்கு நேரே.

அதுவுமில்லை இதுவுமில்லை, பாதிப் பிடி.
கட்டைவிரல் எங்கேயோ,
சுண்டுவிரல் காற்றில்.
பட்டது. முகத்தில் அல்ல, விளிம்பில்.
பந்து வலையின் வெள்ளை நாடாவில் ஏறி
உட்கார்ந்து
யோசித்து
அவர்கள் பக்கம் இறங்கிக்கொண்டது.

"அதென்ன பிடிங்க?" என்றார், மெய்யாகவே.
"சொல்லாதீங்கக்கா" என்றாள் கோகிலவாணி,
சொல்ல என்னிடம் ஏதோ இருப்பது போல.

புள்ளி கிடையாது.
சர்வீஸ் மட்டும்தான் எங்களுக்கு.
அதையும் நான் வலையில் அடித்தேன்.

ஏழு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தால்
ஆக்சிலேட்டரில் உள்ளங்கை
அந்தப் பாதியை இன்னும் தேடுகிறது.
எட்டுப் பட்டை இல்லை இதில், வெறும் உருளை.
இருந்தாலும் தளர்த்திப் பார்க்கிறேன்,
கொஞ்சம் திருப்பி,
திரும்பவும் கொஞ்சம்.

பின்னால் பால்வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்:
பச்சை விழுந்து நேரமாச்சுங்கம்மா.