பழைய எண், புதிய எண்

நர்ஸ் எஸ்தர் சீட்டில் எழுதித் தந்தது
158/94.
இருபத்தாறு வருஷமாய் அயனாவரத்தில்
தபால் கொடுக்கிறவன் கண்ணுக்கு
அது வியாதியாய்த் தெரியவில்லை.
பழைய எண் 158, புதிய எண் 94.
தெருப்பெயர்தான் விட்டுப்போயிருக்கிறது.

உப்பைப் பாதியாக்குங்க, என்றார்.
ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் வேண்டாம்.
நடங்க.
சிரித்துவிட்டேன்.
நடக்கிறதுக்குத்தானே சம்பளம்?
அது நடையில்லை, பையோடு ஓடுகிற ஓட்டம்.
எதையும் சுமக்காமல்
யார் கதவையும் தட்டாமல்
அரை மணி நேரம்.

விஷயம் எப்படியோ நாலு தெருவுக்கும் போய்விட்டது.
மூன்றாம் மாடி கமர்நிஷா
செம்பருத்திப்பூத் தண்ணீர் என்றார்.
இஸ்திரிக்கடை ஏகாம்பரம், பச்சைப் பூண்டு.
ரிஜிஸ்தர் தபாலுக்குக் கையெழுத்துப் போட்டபடியே
ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

வீட்டில் வாழைத்தண்டு, மறுநாளும் வாழைத்தண்டு.
மோரில் உப்பு எங்கே என்று கேட்டேன்,
பூங்காவனம் சீட்டைக் காட்டினாள்.
முதல் வாரச் சாம்பார்
அடுத்த வீட்டுக்காரன் கடிதம் மாதிரி,
நாக்கு வாங்க மறுத்தது.
மூன்றாம் வாரம்
வெண்டைக்காய்க்குள் ஒரு இனிப்பு இருப்பது தெரிந்தது.
ஐம்பத்திரண்டு வயதில்.

விடியலில் ஐ.சி.எஃப். பக்கம் நடந்தேன்.
கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.
பையில்லாத தோள் தானாகச் சாய்ந்தது,
கண் கதவு எண்களையே மேய்ந்தது.
ஒரு சந்தில் 158 இருந்தது, அதன் புதிய எண் 71.
94 இருந்தது,
பழசே இல்லாத அடுக்குமாடி.
எனக்குரிய கதவு எங்கும் இல்லை.

கோர்ட்டு நோட்டீசோடு நிற்கும்போது
உள்ளே ஏதோ ஏறும்.
மாடிப்படியின் வேலை என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன்.
கதவைத் திறப்பவர்கள்
உறையைப் பார்ப்பதற்குமுன்
என் முகத்தைப் படிப்பார்கள்.
இப்போது அழைப்பு மணிக்கு முன்னால் ஒரு மூச்சு.
நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே,
பிறகுதான் விரல்.
எல்லா நாளும் நினைவிருப்பதில்லை.

காலையில் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றும் உண்டு.
நிறுத்திவிடலாமா என்றேன்.
எஸ்தர் முறைத்த முறைப்பில்
அவருக்கே ஏறியிருக்கும்.

ஐப்பசி மழையில் நனைந்துபோய் உட்கார்ந்தேன்.
பட்டை இறுகியது, புஸ்ஸென்று தளர்ந்தது.
136/86.
வீடு மாறிட்டேன், என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.

பழைய வீட்டில் கொஞ்சம் சாமான் இன்னும் கிடக்கிறது:
மகளின் கல்லூரிக் கட்டணம்,
ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் கருவாடு,
தூக்கம் வராத ராத்திரியில்
ஒவ்வொன்றாய் ஞாபகம் வரும் பூட்டிய வீடுகள்.
அங்கே எனக்கு வரும் தபாலை
யார் வாங்கி வைக்கிறார்களோ.