ஒற்றைத் திகதி, இரட்டைத் திகதி

துருப்புத் தலைவன் யாரென்று சொல்வதை
மூன்று வெள்ளிக்கிழமை ஒத்திவைத்தார் சேர்.
நாலாம் வெள்ளி
மேசையில் ஒரு விசிலை வைத்தார்.
"ரெண்டு பேருமாப் பாருங்கடா"
என்றுவிட்டு
மோட்டார்சைக்கிளை உதைத்துக்
களுதாவளைப் பக்கம் போய்விட்டார்.

ஒற்றைத் திகதி கேதுஷனுக்கு.
இரட்டை எனக்கு.
முப்பத்தொன்று வரும் மாதங்களில்
அடுத்தடுத்து இரண்டு நாள் அவன் கழுத்தில் விசில் தொங்கும் என்பது
ஒப்புக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.
அவனுக்கு
முன்னமே உறைத்திருந்தது.

மழையும் பார்த்து
மார்கழி முப்பத்தொன்றில்தான் முறிந்து கொட்டியது.
குருமண்வெளித் துறையில் பாதை நின்றுவிட்டது.
வாவி எழும்பி றோட்டில் நடந்து வந்தது,
அதற்கு முன்னால்
வாவிக்கரைச் சனம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு.

வாசலில் இடுப்பளவு தண்ணி.
பிடித்து வரக் கயிறு கட்டவேண்டும்.
கேதுஷன் விசிலடித்துக்
கேற்றுத் தூணைக் காட்டினான்.
அது என் திகதியில்லை, தெரியும்.
இருந்தும் நான் வேம்பைக் காட்டினேன்.
ஐந்து பேர் அங்கே இழுக்க
நாலு பேர் இங்கே இழுக்கக்
கயிறு நடுவில் நின்று நடுங்கியது.
தலையில் டீவியோடு நின்ற ஒரு மனிசன் சொன்னார்:
"தம்பிமார், முதல்ல உங்கட சண்டைக்கு ஒரு முடிச்சுப் போடுங்க.
மறுகா கயித்தக் கட்டலாம்.
கழுத்து உளையுது."

தூணில்தான் கட்டினோம்.
வேம்பு அன்று பின்னேரம் சரிந்தது.
கேதுஷன் அதைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

இரவு காத்தான்குடியிலிருந்து ஒரு லொறி வந்தது.
எண்பத்தாறு சோற்றுப் பார்சல்.
வரிசையில் நூற்றுப் பன்னிரண்டு பேர்.
பிள்ளைகளுக்கு முதல் என்றான் அவன்.
குடும்பத்துக்கு இத்தனை என்று கணக்குப் போட்டேன் நான்.
இரண்டும் சரிதான்.
இரண்டிலும் யாரோ இருபத்தாறு பேர்
கையை மடக்கிக்கொண்டு திரும்பவேண்டியிருந்தது.
வரிசை எங்கள் வாயையே பார்த்தது.
விசிலை ஊதினான்.
உள்ளே இருந்த தக்கை ஊறிவிட்டது போல,
வெறும் காற்றும் கொஞ்சம் வாவித் தண்ணியும் வந்தது.

ஆறாம் வகுப்பு அபிநயன்,
இன்னும் கழுத்துத்துணி கிடைக்காதவன்,
சப்பாத்தும் இல்லாதவன்,
கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டான்:
"பார்சல அவிழ்த்துப் போட்டா
எண்ணத் தேவல்லத்தானே அண்ணா?"

அவிழ்த்தோம்.
எண்பத்தாறு முடிச்சு.
எத்தனை முடிச்சுப் போடப் பழகியிருந்தோம்,
பின்னால் கைகட்டி, கண்கட்டி, நேரம் பார்த்து.
அவிழ்ப்பதற்கு யாரும் சின்னம் தருவதில்லை.
சோறு, பருப்பு, பூசணிக்காய் எல்லாம்
விளையாட்டுப்போட்டிக்குச் சர்பத் கரைக்கும் கிடாரத்தில்
ஒன்றாய் விழுந்தது.
ரின்பால் பேணியால் அள்ளினோம்.
தலைதட்டி ஒரு பேணி,
டீவிக்காரருக்கும் அதுதான்,
பிறந்து பதினாறு நாளான பிள்ளையின் தாய்க்கு மட்டும் இரண்டு.
அந்த இரண்டாவது பேணிக்கு
கேதுஷன் என்னைப் பார்க்கவில்லை,
நானும் அவனைப் பார்க்கவில்லை,
இரண்டு கையும் ஒரே பேணியைப் பிடித்திருந்தது.

நூற்றுப் பன்னிரண்டும் முடிய
அடியில் எங்களுக்கும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.
எவர் பள்ளியிலோ பன்னிரண்டு மணிக்கு
ஒரு வெடி போட்டார்கள்,
நனைந்த வெடி.
அபிநயன் நின்றபடியே நித்திரை.
"இப்ப ஒண்டாந் திகதி" என்றேன்.
"திரும்பவும் உன்ட நாள்."
"வேணுமெண்டா எடு" என்று விசிலை நீட்டினான்.
ஊதாத விசிலை
எவன் வாங்குவான்?

வெள்ளம் வடிந்து சேர் ஒரு படிவம் கொண்டுவந்தார்.
சேவை மணித்தியாலம், இடம், பயனாளிகள்.
"தலைமை தாங்கியவர்" என்ற இடத்தில்
ஒரேயொரு புள்ளிக்கோடு.
அவன் என் பக்கம் தள்ளினான்.
நான் அவன் பக்கம்.
பெருந்தன்மை ஒன்றுமில்லை,
அடுத்த கேள்வி
"கிடாரத்தைத் திருப்பி ஒப்படைத்தவர்" என்று இருந்தது,
அதன் அடியில் அரை அங்குலக் கரி.

ஒற்றைத் திகதி வரட்டும் என்றேன்.
இரட்டை வரட்டும் என்றான்.
சேர் நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி
லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.
தும்பும் சாம்பலும் எடுத்துக் கிணற்றடிக்குப் போனோம்.
கிடாரத்துக்குள் தலையைவிட்டு
அவன் என்னவோ ஏசினான்.
வெளியில் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு
அது விசில்போலக் கேட்டது.