அளவுக்கு ஒரு ஆள்

கொசஸ்தலை ஆற்றை நீலமாக்கும் வேலை எனக்கு.
சாம்பலும் சாம்பல் நிறமும்
ஒரே சொடுக்கில் போய்விடும்.
கம்ப்யூட்டரில் நீலம் பதினேழு வகை.
பொறியாளருக்குப் பிடித்தது
எந்த ஆற்றிலும் இதுவரை ஓடாத நீலம்.

பிறகு கரை.
ஒன்றரை கிலோமீட்டருக்கு நடைபாதை,
படகுத்துறை, உணவுக்கடைகள் முப்பத்தாறு,
முதலீட்டாளர்கள் வந்து உட்கார
ஒரு கண்ணாடிக் கட்டடம்.
பின்னால் தெரியும் அனல்மின் புகைபோக்கிகளை
என்ன செய்வதென்று கேட்டேன்.
"மேகம் போடுங்க" என்றார்.

மரங்கள் ரெடிமேடாக வரும்,
மனிதர்களும்.
பலூன் பிடித்த பையன், தொப்பிக்காரர்,
நாயோடு ஓடும் வெள்ளைக்காரி.
போன மாதம் வேறொரு ஊர்க் குளக்கரையில்
இதே நாயோடுதான் ஓடினாள்.
அவளுக்கு வியர்த்து நான் பார்த்ததில்லை.

நான் தண்டையார்பேட்டைக்காரன்.
கை சும்மா இருக்கவில்லை.
அளவெடுக்கப் போன அன்று செல்போனில் எடுத்த
தேசம்மாவை வெட்டி ஒட்டினேன்.
பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு
இரண்டு கையாலும் சேற்றைத் தடவி
இறால் தேடிக்கொண்டிருந்தவள்.
இடுப்புக்குக் கீழே படத்தில் கிடையாது,
அது தண்ணீருக்குள் இருந்தது.
கால் இல்லாதவளைப் பூந்தொட்டிக்குப் பின்னால்
நிறுத்தினேன். பொருந்திப்போனாள்.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"இந்தம்மா வாயில என்ன, மாஸ்க்கா?"
"ஆமா சார்."
"சரி, இருக்கட்டும்.
அளவுக்கு ஒரு ஆள் வேணும்."

பாலத்தின் பக்கத்தில் இருபதடிப் பலகை
ஏறிய மூன்றாம் நாள் போன் வந்தது.
என் நம்பரை யார் கொடுத்தார்களோ.
"நீதான் என் மூஞ்சியப் போட்டவனா?"
"ஆமாம்மா."
"தண்ணி எங்க?
தரையெல்லாம் டைல்ஸ் போட்டுகீற.
டைல்ஸுல எறா தடவச் சொல்றியா?"
நான் ஏதோ சொன்னேன்.
அவள் கேட்கவில்லை.
"கட முப்பத்தாறுன்னு எழுதிகீதாமே,
அதுல ஒண்ணு என்னுதா?"

எண்ணூர் கல்யாண மண்டபத்தில்
கருத்துக் கேட்புக் கூட்டம்.
பிஸ்கட்டும் டீயும் முதல் வரிசையோடு தீர்ந்தது.
வேலைவாய்ப்பு நாலாயிரம் என்று
திரையில் ஒரு எண் ஏறிக்கொண்டே போனது.
தேசம்மா மைக்கைப் பிடித்தாள்,
மைக்கை யாரும் கொடுக்கவில்லை.
மேடையிலிருந்து கேட்டார்கள்:
இந்த ஆற்றில் நீங்கள் தொழில் செய்வதற்கு
ஆதாரம் ஏதாவது இருக்கிறதா?
பட்டா, ரசீது, சங்க அட்டை?

"வெளியே வந்து பாருங்க.
நீங்களேதான் ஒட்டி வெச்சிகீறீங்க."

மண்டபமே எழுந்து போய்ப் பார்த்ததாம்.
நான் அங்கு இல்லை, எனக்கு நண்டு விற்கும்
ரொசாரியோ சொன்னது இது.
கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பான்.
ஆனால் ராத்திரி பதினொன்றுக்குப்
பொறியாளர் கூப்பிட்டது நிஜம்.
"அந்த லேடி மேல ஒரு மரம் போடுப்பா.
காலையில புது பேனர்."

"ஃபைல் ஓபன் ஆகல சார்" என்றேன்.

திறந்துதான் இருந்தது.
நீலம், மேகம், ஓடாமல் ஓடும் நாய்.
தேசம்மாவைச் சுற்றியிருந்த தரைக்கற்களை
எண்ணிப் பார்த்தேன்: நூற்றுப் பன்னிரண்டு.
ஒவ்வொன்றாகத்தான் எடுக்கவேண்டும்.
முதல் கல்லுக்குக் கீழே என்ன நிறம் வைப்பதென்று
இன்னும் தெரியவில்லை.