பதில் வராத முகவரி

கடலுக்கடியில் நூற்றெண்பது மீட்டர் ஆழத்தில் சாலை.
மேலே ஃபாரோ தீவுகளின் பிப்ரவரி.
பம்பு அறைக் கணினி
நொடிக்கு நான்கு முறை ஒரே கேள்வி கேட்கும்:
தண்ணீர் எவ்வளவு?

அன்று அதிகாலை நாலே காலுக்கு
அட்டையின் பல்லிடுக்கில் உப்புப் பூத்திருந்தது.
கேள்வி பஸ்ஸில் ஏறிப் போனது.
திரும்பவில்லை.

பதில் இல்லாத இடத்தை
வன்பொருள் முப்பத்திரண்டு ஒன்றுகளால் நிரப்பித் தரும்.
மௌனம் சம்மதம் என்பார்கள்;
இங்கே மௌனம்
எல்லாக் கேள்விக்கும் ஆம்.

கெர்னல் அதை நம்பவில்லை. அதுவரை சரி.
பிறகு எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது:
தன்னையே நிறுத்திக்கொண்டது.
விளக்கு, விசிறி, வாயில் கம்பம்
எல்லாம் கூடவே.
உள்ளே பதினோரு ஆடுகளோடு ஹெய்னி,
முப்பத்தெட்டு நிமிடம் இருட்டில்.

'பஸ் பிழை' என்று அறிக்கை விட்டோம்.
வானொலியிலிருந்து கூப்பிட்டுக் கேட்டார்கள்:
எந்தத் தடம்? பயணிகள் எத்தனை பேர்?

நிறுத்தச் சொல்லும் அந்த வரி
ஒன்பது வருடம் முன்பு நான் எழுதியது.
சந்தேகம் வந்தால் செத்துவிடு,
பொய்யோடு வாழாதே
என்று அப்போது பெருமையாக இருந்தது.

கூட்டத்தில் ஹோக்னி சொன்னான்:
மறுபடி கேட்போம்.
எத்தனை முறை?
வரும் வரை.
வரும் வரை கேட்பதும் தூக்கம்தான், கண் திறந்த தூக்கம்
என்றேன். கத்தினோம். காபி ஆறியது.

சாட்சி சொல்ல வந்திருந்த ஹெய்னி
தொப்பியைக் கழற்றாமலே கேட்டார்:
தண்ணீர் எவ்வளவு என்று தெரியாவிட்டால்
தெரியாது என்று சொல்லுங்களேன்.
விளக்கை ஏன் அணைத்தீர்கள்?

அன்று இரவு திருத்தினேன்.
மூன்று முறை கேள்.
அப்புறம் கேட்ட நிரலிடம் மட்டும் சொல்,
அந்த முகவரியில் யாரும் இல்லையென்று.
அது விழுந்தால் விழட்டும், மற்றவை ஓடட்டும்.
அட்டையை ஒதுக்கி வை.
தெரியாத தண்ணீரை நிறைந்த தண்ணீராகக் கொண்டு
பம்பை ஓட்டு.
எந்த முகவரி, எந்த நொடி, எழுதி வை,
காலையில் யாராவது படிக்கும்படி.
விளக்கைத் தொடாதே.

ஐந்து முறை கேட்டிருக்கலாம் என்கிறான்
ஹோக்னி, இன்றைக்கும்.

பழைய அட்டை என் மேசையில் கிடக்கிறது.
யாரும் பார்க்காத நேரத்தில்
அதன் பல்லை நக்கிப் பார்த்தேன்.
கடல்தான்.