கார்பன் நகல்

வியாழன் இரவு எட்டு மணி.
ஜுபைலில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடி.
பாதுகாப்பு அலுவலர் பயிற்சி வகுப்பு.
வலது கையில் மாவுக்கட்டோடு
முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவன் நான்.
சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.
பணம் கட்டியது விழுவதற்கு முந்தின வாரம்,
திருப்பித் தரமாட்டார்களாம்.

ஜோஜி சார் பலகையில் எழுதுவார்,
எழுதின கையோடு அழிப்பார்.
ஒன்பதரைக்கு அவருக்கு இன்னொரு வகுப்பு.

முதல் வாரம் போனில் பதிவு செய்தேன்.
அறைக்கு வந்து போட்டுக் கேட்டால்
ஏசி பேசியது. ஏசியே பேசியது.
நடுவில் யாரோ இருமியது மட்டும் தெளிவு.
அது நான்தான்.

பிறகு, பேசப்பேச எழுதும் ஆப்.
மேஜைக்குக் கீழே குனிந்து
'சாரக்கட்டு' என்று முணுமுணுத்தேன்.
'சாராயக்கடை' என்று எழுதியது.
சவூதியில் இருந்துகொண்டு!
அந்த இடத்திலேயே அழித்தேன்.

இடக்கையால் எடுத்த படங்களில்
எல்லா வாக்கியமும் மலையேறின.
'அபாயம்' இருக்க வேண்டிய இடத்தில்
சாரின் வழுக்கை.

தில்பகதூர் தன் நோட்டைத் தந்தான்.
கொடியில் உலர்த்திய துணி மாதிரி
கோட்டில் தொங்கும் நேபாளி எழுத்து.
இந்தியில் வாசித்துச் சொல்கிறேன் என்றான்.
எனக்குத் தெரிந்த இந்தி
சைட்டில் திட்டு வாங்கும் அளவுக்குத்தான்.

ரொமெல்தான் வழி கண்டான்,
கிடங்கில் டெலிவரி நோட்டு எழுதுகிற பிலிப்பினோ.
சட்டைப் பையிலிருந்து
நாலாய் மடித்த நீலக் கார்பன் தாளை எடுத்து நீவி
தன் தாளுக்கும் என் தாளுக்கும் நடுவே வைத்தான்.
மூன்றாம் நகல் வரைக்கும் இறங்குகிற அழுத்தம்,
தொழில் பழக்கம்.
வகுப்பு முடிந்ததும்
என் பங்கைக் கையில் கொடுத்தான்.

எல்லாம் இருந்தது அதில்.
ஏணியின் சாய்வு நாலுக்கு ஒன்று,
எந்தத் தீக்கு எந்தச் சிலிண்டர்.
ஓரத்தில்,
பாடம் சலித்த நேரத்தில் அவன் போட்ட கணக்கும் இருந்தது.
சம்பளத்தில் பள்ளிக் கட்டணம் போய்
டயாலிசிஸ் போய்
மிச்சத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி,
அடியில் இரண்டு கோடு.
எது பாடம், எது இல்லை என்று
கார்பனுக்குத் தெரியாது.

நான் அதைப் பற்றிப் பேசவில்லை.
அடுத்தடுத்த வாரங்களில்
தாள் நகராமல் இடக்கையால் பிடித்துக்கொண்டேன்,
அது என் வேலை.
அவன் பேனா ஓரத்துக்குப் போகும்போதெல்லாம்
ஜன்னலைப் பார்த்தேன்.
கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம்.

ஆறாவது வாரம்:
விபத்துக்கான காரணங்கள்.
ஒன்று, தொழிலாளியின் கவனக்குறைவு.
வகுப்பு முழுதும் என் கட்டைப் பார்த்துவிட்டுக்
குனிந்து எழுதியது.
ரொமெலும் எழுதினான்.
அவன் அழுத்தியது என் தாளில் நீலமாய் இறங்கியது.

எனக்குப் பழக்கமான வரி.
கட்டுப் போட்ட மறுநாள்
கம்பெனி அறிக்கையில் இதே வரி,
இதே ஒன்றாம் எண்.
கையெழுத்துப் போட முடியாதே என்றேன்.
பரவாயில்லை என்று
என் இடது பெருவிரலைப் பிடித்து
மையில் தோய்த்து ஒற்றினார்கள்.
மெக்கானிக்கல் டிப்ளமோ, முதல் வகுப்பு, இருதயராஜ்,
கைநாட்டு.

அன்றிரவு அறையில் விளக்கணைத்த பிறகு
கழிப்பறை வெளிச்சத்தில் உட்கார்ந்து
இடக்கைக்குப் பேனா கொடுத்தேன்.
'ப' உடைந்த பெட்டியாய் வந்தது.
'ண' சுழிகளை எண்ணத் தெரியாமல்
நாலு போட்டது.
ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு வரி:
சாரத்தின் பலகையைக் கட்டியிருக்கவில்லை.
முந்தின நாளே சொன்னேன்.

வியாழக்கிழமை அந்தத் தாள்
மேஜையில் கிடந்ததை ரொமெல் பார்த்தான்.
தமிழ் அவனுக்குக் கோழி கிளறிய மண்.
என்ன என்று கேட்கவில்லை.
என் கட்டைப் பார்த்தான், தேதியைப் பார்த்தான்,
புதுத் தாள் இரண்டை எடுத்து
இடையில் கார்பனைச் செருகி
என் பக்கம் தள்ளினான்.
தாளின் மேல்முனையைத் தன் உள்ளங்கையால்
நகராமல் பிடித்துக்கொண்டு
சொன்னான்,
"அழுத்தி எழுது."